இ. சுடலைமுத்துவின் பக்குவம்

பிள்ளையைத் தூங்க வைக்கத் தூளி கட்டிப் பார்த்தார்கள். நிலாவில் தூளி ஆடுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தப் பக்கம் தள்ளிவிட்டால் அந்தப் பக்கம் போய், திரும்பி வருவதா வேண்டாமா என்று யோசித்து, சாவகாசமாக வரும். பிள்ளைக்குப் பொறுக்குமா? தூளி அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் இவன் வீட்டையே இரண்டாக்கிவிடுவான்.

"நம்ம ஊருத் தூளின்னா ரெண்டு ஆட்டுல கண்ணசந்துருவான். இது என்னடான்னா தேரு மாதிரி அசையுது," என்று அலுத்துக்கொண்டாள் கோமதி.

நிலாவின் பாறைக்குள்ளே குடைந்து கட்டிய ஊர் தென்கலம். சுரங்க வேலைக்கென்று திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களை ஒரு கம்பெனி கொண்டுபோய் அங்கே குடிவைத்திருந்தது. கோமதியின் புருஷன் இசக்கி பாறை வெட்டும் வண்டி ஓட்டுகிறவன். பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். நர்ஸ் பிலோமினாவின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவரை ஒரு மாதிரி தேறி வந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து ஒரே அழுகை. பால் இறங்கவில்லை, தூக்கம் இல்லை. முகம் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து சுருங்கிக் கிடந்தது.

அந்த ஊரில் வீடு என்றால் சும்மா நாலு சுவர் இல்லை. மூச்சுவிடும் காற்றையும் படுக்கும் சூட்டையும் விளக்கின் வெளிச்சத்தையும் வீடுதான் பார்த்துக் கொடுக்க வேண்டும். யாருக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஆகாது என்று ஆளுக்கு ஒரு சின்னக் கணினி நிரல் எழுதி வைத்திருப்பார்கள். அலுவலகத்தில் அதற்குத் துணைநிரல் என்று பேர். ஊர்க்காரர்கள் அதைப் பக்குவம் என்றார்கள். இன்னும் பேர் வைக்காத பிள்ளைக்கு மட்டும் தனிப் பக்குவம் கிடையாது. அதற்குப் பொதுப் பக்குவம்தான். கட்டில் கொஞ்சம் சூடாகும், மின்விசிறி போல ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்த மாதிரி.

இந்தப் பக்குவங்களை எல்லாம் பார்த்துக்கொள்கிற வேலை வடிவுக்கு. வடிவு இசக்கியின் அக்கா. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். அப்பா சுடலைமுத்துவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவளும் அவள்தான். நிலாத் தூசி கண்ணாடித் தூள் மாதிரி. வருஷக்கணக்காக அதைச் சுவாசித்துச் சுவாசித்து அவர் நெஞ்சு அறுபட்டுப் போயிருந்தது. போன வருஷம்தான் அவரைப் பாறைக்குள் அடக்கம் செய்தார்கள்.

பேர் வைக்கும் நாளில் அத்தைதான் பிள்ளையின் காதில் பேர் சொல்ல வேண்டும். என்ன பேர் என்று யாரும் யோசிக்கவே இல்லை. தலைச்சன் பேரனுக்குத் தாத்தா பேர்தானே! வீறிட்டுக் கத்துகிற பிள்ளையின் காதோரம் குனிந்து, "சுடலைமுத்து, சுடலைமுத்து, சுடலைமுத்து" என்று மும்முறை சொன்னாள் வடிவு. அலுவலகத்துக்குப் போய்க் குடும்பப் பதிவிலும் தன் கையாலேயே பேரை ஏற்றினாள். தனிப் பக்குவத்தை அப்புறம் நிதானமாக எழுதிக்கொள்ளலாம், அதுவரை பொதுப் பக்குவம் ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்கே பிள்ளை தூங்கினான்.

சாதாரணத் தூக்கம் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு, கைவிரல்களை விரித்துக்கொண்டு, வேலை முடித்து வந்த ஆம்பிளை மாதிரி தூங்கினான். விழித்தால் பால் குடித்தான். குடித்தால் மறுபடி தூங்கினான். கன்னத்தில் சதை போட ஆரம்பித்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. "பேரு ஒத்துக்கிட்டு" என்றார்கள். கோமதிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க மாமாதான் வந்து தூங்க வைக்காவ" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

வடிவு ஒரு விடுமுறை நாளில் வந்தாள். எப்போது வந்தாலும் பிள்ளையைக் கையில்தான் வாங்கிப் பழக்கம். அன்றைக்கு அவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"தூக்காதீய மதினி, இப்பத்தான் கண்ணசந்தான். பக்கத்துல வேணா உக்காருங்க."

வடிவு கட்டிலோரம் உட்கார்ந்து மெத்தையில் கையை ஊன்றினாள். உள்ளங்கைக்கு அடியில் மெத்தை தட்டியது. மெத்தைக்குள்ளிருந்து யாரோ உள்ளங்கையால் தட்டுவது போல, மெதுவாக, நாலு தட்டு. ஒரு நிறுத்தம். மறுபடி நாலு தட்டு. மறுபடி ஒரு நிறுத்தம்.

அவளுக்குத் தெரிந்த தட்டுதான் அது. அவளே எழுதியது. அப்பாவின் நெஞ்சுச் சளி இளகுவதற்காக எழுதியது. அந்தத் தட்டுக்காகவே தெருப் பிள்ளைகள் அப்பா கட்டிலுக்கு அடிபோடும். அவர் டீ குடிக்க எழுந்த நேரம் பார்த்து இரண்டு மூன்று பேர் அதில் ஏறிப் படுத்துக்கொண்டு, "என் முறை, என் முறை" என்று அடித்துக்கொள்வார்கள்.

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். அப்பா, நீங்களா, என்று கேட்கத் தோன்றியது. அடுத்த நொடி, காற்று வரும் தலைமாட்டுக் குழாய் கண்ணில் பட்டது. சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. சட்டென்று குனிந்து பிள்ளையை வாரித் தூக்கினாள். பிள்ளை அலறினான்.

"என்ன மதினி இது! தூங்குத பிள்ளைய எதுக்கு எழுப்புதீய?"

"இந்தக் கட்டில்ல போடாத கோமதி. அந்த ரூமுக்கு வா. பிலோமினா அக்காவ உடனே வரச் சொல்லு."

"எதுக்கு? என்னன்னு சொல்லுங்க."

பக்கத்து அறையில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வடிவு சொன்னாள்.

"இங்க ஓடுத பெரிய நிரல் இருக்குல்லா, அது கடைக் கணக்கும் கிட்டங்கிச் சரக்குக் கணக்கும் எழுத உண்டாக்குன பழைய மொழியில எழுதுனது. கெட்டுப்போவாதுன்னு கம்பெனி இன்னும் அதையே வச்சிருக்கு. அதுக்கு இன்ன ஆளோட பக்குவத்தக் கூப்பிடணும்னு முன்கூட்டியே தெரியாது. ஒரு காலிப் பெட்டி வச்சிருக்கும். அந்த நேரத்துல பெட்டிக்குள்ள எந்தப் பேரு வந்து விழுதோ, அந்தப் பேருல இருக்குத பக்குவத்தக் கூப்பிடும். அப்படி ஒண்ணு இல்லன்னா பொதுவுக்குப் போயிரும்."

"சரி. இவனுக்குத்தான் நீங்க இன்னும் எழுதலியே. பொதுவுக்குத்தானே போவும்?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். பேரு எப்படிச் சேருதுன்னு யோசிச்சுப் பாரு. இனிஷியலும் பேரும். எங்க அப்பாவோட அப்பா பேரு இசக்கி. அதனால அப்பா இ. சுடலைமுத்து. அவிய தன் மவனுக்கு அவிய அப்பா பேர வச்சாவ. இப்ப இவன் ஆரு? இசக்கி மவன் சுடலைமுத்து."

கோமதியின் வாய் மெல்லப் பிளந்தது. "இ. சுடலைமுத்து."

"அதே பேரு. அப்பா பக்குவம் அப்படியே கெடக்கு. எந்தப் பேரு எப்ப பெட்டிக்குள்ள வரும்னு யாருக்கும் தெரியாதுல்லா, அதனால இந்த மொழியில ஆளு செத்தாலும் அவிய பக்குவத்த அழிக்க ஒருத்தரும் துணிய மாட்டாவ. பேரு வந்துச்சு, அந்தப் பேருல பக்குவம் இருந்துச்சு, கூப்பிட்டுட்டு."

"இதுக்கு முன்னாடி யாருக்கும் இப்படி நடக்கலியா?"

"தாத்தா பேரு வச்ச பிள்ளையள் நெறய உண்டு. அந்தத் தாத்தாமாரெல்லாம் பூமியிலயே போய்ச் சேந்தவிய. அவியளுக்கு இங்க பக்குவம் ஏது? இந்த ஊர்ல வாழ்ந்து, இந்த ஊர்லயே செத்த தாத்தா, நம்ம அப்பாதான் மொதல்."

"மாமா தட்டிக் குடுத்தா தட்டிக் குடுக்கட்டுமே. அதுல என்ன கெடுதல்?" என்றாள் கோமதி.

அதற்குப் பதில் சொல்வதற்குள் நர்ஸ் பிலோமினா வந்துவிட்டாள். சேதியைக் கேட்டதும் அவள் முகம் மாறிப்போனது.

"சுடலைமுத்து அண்ணாச்சிக்குத் தலைமாட்டுக் குழாயில பிராணவாயு கூட்டித்தானே வச்சிருந்த, வடிவு?"

"ஆமாக்கா. ரொம்பவே கூட்டி."

"குறைமாசப் பிள்ளைக்கு அது ஆகாது மக்கா. கண்ணுக்குள்ள ரத்தக்குழா எல்லாம் தாறுமாறா வளந்துரும். பார்வையே போயிரும்."

பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தான். கோமதி வந்து வடிவின் தோளிலிருந்து பிள்ளையை வாங்கினாள். வாங்கினாள் என்பதைவிடப் பறித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"நீங்க வச்ச பேருதானே, மதினி?" என்றாள்.

பிலோமினா பிள்ளையின் கண்களில் சொட்டு மருந்து விட்டாள். கருவிழி நன்றாக விரிந்த பிறகுதான் உள்ளே பார்க்க முடியும். அதுவரை ஆஸ்பத்திரி நடையில் காத்திருந்தார்கள். இசக்கி வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் ஓடிவந்தான். வேலை முடிந்து தூசி கழுவும் அறையில் அவன் இருந்தபோது சேதி போயிருந்தது. தலையிலும் காதிலும் ஈரம் சொட்டியது.

"எக்கா, அப்பா பக்குவத்த மொதல்ல அழிச்சிரு," என்றான் வந்ததும். "இல்ல, இவன் பேர மாத்திருவோம். எது சுளுவோ அதச் செய்."

"பேர மாத்தக் கூடாது," என்றாள் கோமதி, தரையைப் பார்த்துக்கொண்டு. "காதுல சொன்ன பேரு. அவன் அந்தப் பேரக் கேட்டுத்தான் அழுகைய நிறுத்துனான்."

வடிவின் மனசு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய நிரல் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்ளும் என்று நினைத்தால், அது குறிப்பது இவ்வளவுதான்: கூப்பிட்டேன், வந்தார், முடிந்தது. உள்ளே போய் என்ன செய்தாய் என்று யாரையும் கேட்காது. யார் என்று பார்க்காமல் பேரைக் கூப்பிடும். வந்தவரை நம்பிவிடும். என்னைப் போலத்தான் அதுவும் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு பேரை எடுத்து ஒரு சின்னக் காதுக்குள் போட்டேன், அந்தப் பேருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்தேனா?

பிலோமினா வெளியே வந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் துடைத்து முடிப்பதற்குள் மூன்று பேருக்கும் உயிர் போய் வந்தது.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு. ரத்தக்குழா ஒழுங்கா வளந்து வருது," என்றாள். கோமதி அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "ஆனா வடிவு, எனக்கு ஒண்ணு புரியல. இத்தன நாளு அந்தக் காத்து மூஞ்சியில அடிச்சிருந்தா இதுக்குள்ள அடையாளம் தெரிஞ்சிருக்கணும். துளிகூட இல்ல. அந்தக் குழாய் தொறக்கவே இல்லபோல."

"தொறந்திருக்கும்க்கா. நானே எழுதுனது."

"நீ எழுதுனதுதான். போய்ப் படிச்சுப் பாரு."

அப்பா போனதிலிருந்து வடிவு அந்தப் பக்குவத்தைத் திறந்ததே இல்லை. அவர் துணிமணியை எடுத்துக் கொடுத்துவிட்டாள், டம்ளரைக்கூடக் கொடுத்துவிட்டாள். இதை மட்டும் தொடவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து திறந்தபோது, வரிக்கு வரி அவர் குரல் கேட்டது. 'கால் வைக்கும் இடத்தில் தரையைச் சூடாக்கு.' 'மதியம் சாப்பிட்டதும் வெளிச்சத்தைக் குறை.' 'டீ நேரத்தில் எழுப்பு, எழுந்திருக்காவிட்டால் மறுபடி எழுப்பு, கோபித்துக்கொண்டால் விட்டுவிடு.' கடைசி நாட்களில் தினமும் ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பிடுங்குவார். அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுவாள். வேலை முடிந்து வந்தவளுக்கு இன்னொரு வேலை.

கீழே, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வரி இருந்தது.

'கட்டிலில் உள்ள பாரம் பெரிய ஆளின் பாரத்துக்குக் குறைவானால், தலைமாட்டுக் குழாயை மூடு. மெதுவாகத் தட்டு.'

அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கும் தெருப் பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் கிடந்தார்கள். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சிரைத்தார். "ஏட்டி, என் காத்து பிள்ளையளுக்கு ஆவுமா?" என்று கேட்டார். "ஆவாதுன்னா ஏறவிடாதீய" என்று வெடுக்கென்று சொன்னாள் அவள். "அது எப்பிடிடீ முடியும்? பிள்ளைன்னா ஏறத்தான் செய்யும். நீ வீட்டுக்குச் சொல்லி வை" என்றார். அவளும் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்போதே மறந்துபோனாள்.

வடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அலுவலகத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இசக்கி வெகுநேரம் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். "நெஞ்சு பூரா ஓட்டை. அதுலயும் ஊருப் பிள்ளையளப் பத்தி யோசன," என்றான்.

கோமதி எழுந்து வந்து வடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, அப்பச் சொன்னது..."

"நீ சொன்னது சரிதான். நான் பாத்துருக்கணும்," என்றாள் வடிவு.

"அப்ப இப்பிடியே விட்டுருவோமா? மாமாவே பாத்துக்கிடட்டும்."

"விட முடியாது கோமதி. இவன் வளருவான்லா? பாரம் கூடிப் பெரிய ஆளாயிட்டான்னு வை, குழாய் தொறந்துரும். தாத்தா நோவுக்குக் குடுத்த காத்து, நோவில்லாத பையன் மூஞ்சியில அடிக்கும். எத்தன பாசமா இருந்தாலும் அவிய பக்குவம் அவியளுக்குத்தான். இவனுக்கு இவன் பக்குவம் வேணும்."

கம்பெனித் தலைமை அலுவலகம் பூமியில் இருந்தது. வடிவு நடந்ததை மறைக்காமல் எழுதி அனுப்பினாள். அதன் பிறகு பெட்டிக்குள் பேர் மட்டும் விழாமல், பிறப்பு எண்ணும் கூடவே விழும்படி ஆயிற்று. சின்னச் சுடலைமுத்துவுக்குத் தனிப் பக்குவம் எழுதினாள். தட்டுவதை அதில் சேர்த்துக்கொண்டாள். குழாயைச் சேர்க்கவில்லை. அப்பாவின் பக்குவத்தை அவள் அழிக்கவும் இல்லை. இனி எந்தப் பேரும் வந்து அதைக் கூப்பிடாது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் இன்னொன்றும் செய்தாள். பொதுப் பக்குவத்தைத் திருத்த அனுமதி கேட்டாள். பேர் வைக்காத பிள்ளைகள் எல்லாரும் வந்து விழுகிற அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுக்குள், மெதுவாகத் தட்டும் வரிகளைக் கொண்டுபோய் வைத்தாள்.

தலைமை அலுவலகத்து அதிகாரி படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தார்: எல்லாம் சரி, நாலு தட்டுக்கு ஒரு தரம் எதற்காக இந்த நிறுத்தம்? குழந்தைகளுக்கு விடாமல் தட்டினால்தானே நல்லது? எடுத்துவிடலாமே.

வடிவு பதில் எழுத உட்கார்ந்தாள். முதன்முதலில் அந்தக் கட்டிலை ஓடவிட்ட நாள் நினைவுக்கு வந்தது. அது விடாமல்தான் தட்டியது. அப்பா படுத்துக்கொண்டே கையை ஆட்டி, "நிப்பாட்டுடீ, நிப்பாட்டு. இருமுததுக்கு நேரம் வேண்டாமா?" என்று சிரித்துக்கொண்டே திட்டினார். 'அந்த நிறுத்தம் இருக்கட்டும், ஐயா. பிள்ளைகள் அதோடுதான் தூங்கிப் பழகியிருக்கிறார்கள்' என்று எழுதினாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அடுத்த தெருவில் ஒருத்திக்குப் பெண் பிறந்தது. பேர் இன்னும் வைக்கவில்லை. பார்க்கப் போன வடிவு, தூங்குகிற பிள்ளையின் பக்கத்தில் மெத்தையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு தட்டுத் தட்டிவிட்டுக் கட்டில் நின்றது. யாரோ இருமி முடிக்கட்டும் என்று அது கொஞ்ச நேரம் பொறுத்திருந்தது. பிறகு மறுபடி தட்டத் தொடங்கியது.